ஆறு கட்டங்கள் ஒட்டிய அட்டை

பாலில் ஏடு படிந்தால் நான் குடிக்க மாட்டேன், மேடம். நீங்கள் வரவழைத்துக் கொடுத்த இந்தக் காபியிலும் ஓரமாகச் சின்னதாக ஒன்று மிதக்கிறது. குறை சொல்லவில்லை. தொடாமல் வைத்திருப்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நாற்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் இதுதான் நிலைமை. அடுத்தவர் வாய் வைத்த தம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். குளியலறைத் தரையில் கிடக்கும் ஒரு மயிரிழையைக் கண்டால் காலைச் சாப்பாடு போய்விடும். என் மனைவி சொல்லுவாள், "உங்களக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு வடிகட்டியக் கட்டிக்கிட்டிருக்கலாம், அதுவாவது எதாச்சும் ஒண்ண உள்ள விடும்."

இப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். மருத்துவமனையில், வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்களைக் கழுவும் வேலை. விதிக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு, என்னைவிடக் கொஞ்சம் மட்டமான ரகம்.

வழக்கை விசாரிக்கும் அதிகாரி நீங்கள், அக்காவைப் பற்றிக் கேட்கத்தான் முதலில் என்னைக் கூப்பிட்டீர்கள். என்னோடு அந்த அறையில் வேலை பார்த்தவர். ஐந்து நோயாளிகள் இறந்தது அவர் சரியாகக் கழுவாததால் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்து, அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து மூன்று மாதம் ஆகிறது. அடுத்த வாரம் வழக்கு. இன்று நீங்கள் என் கணினிப் பதிவில் அந்த இரண்டு வரிகளைக் காட்டிய பிறகு அக்காவைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. என்னைப் பற்றித்தான் பேச வேண்டும். பேசுகிறேன், அவசரமில்லை. வேலையைப் புரியாமல் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

அந்தக் குழாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கறுப்பாக, விரல் தடிமனில், ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நுனியில் விளக்கும் கண்ணும், கண்ணுக்குப் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு நெம்புகோலும். உள்ளே காற்றுக்கும் தண்ணீருக்கும் கருவிக்கும் தனித்தனியாக மெல்லிய வழிகள். வாயில் நுழைந்து, வயிற்றைத் தாண்டி, பித்தம் இறங்கும் வாசல்வரை போய் எட்டிப் பார்க்கும். அவ்வளவு தூரம் போனது வெறுங்கையோடு திரும்புமா? பச்சையும் மஞ்சளுமாகக் குழம்பு, இழுத்தால் நூலாக வரும் சளி, நேற்று அந்த மனிதர் விழுங்கியதில் பாதி. அந்த நெம்புகோலுக்கு அடியில் மட்டும், காது அழுக்குப்போல் பழுப்பாக ஒன்று அடைந்துகொண்டிருக்கும். வாடை என்று ஒன்று உண்டு, அதை நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கழுவுவதில் நாலு படி. தண்ணீரில் முக்கிக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. அடுத்தது துலக்குவது. நீளக் கம்பியில் கட்டிய தூரிகையை ஒவ்வொரு வழியிலும் விட்டு, மறுமுனையில் எட்டிப் பார்க்கும்வரை தள்ளி, அதில் ஒட்டி வந்ததைத் துடைத்து, தூரிகை சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம் இயந்திரத்துக்குள் மருந்து நீரில் குளியல். கடைசியில் காற்றடித்து உலர்த்தல். இதில் இயந்திரத்தை நம்பித் துலக்குவதை விட்டுவிடக் கூடாது. மருந்து கிருமியைக் கொல்லும், அழுக்கை எடுக்காது. அழுக்குக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை மருந்து எட்டவே எட்டாது. பயிற்சித் தேர்வில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

அக்கா துலக்கும்போது பாடுவார். சுருதி சேராது, அதுவும் ஒரு வகைச் சித்திரவதை. முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டு, பேரன் முதுகைத் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

"எப்படிக்கா பாட்டு வேற வருது உங்களுக்கு?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஏன் தம்பி, மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? பெத்த பிள்ளைக்குக் கழுவினதில்லையா நீ?"

"இது யாரு பெத்த பிள்ளையோ."

"யாரோ ஒருத்தர் பெத்ததுதானே," என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் பாட்டு.

நல்ல மனுஷி. ஆனால் அவர் தூரிகையை இழுக்கும்போது தெறிக்கும் துளி ஒன்றிரண்டு என் பக்கமும் வரும். அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடிக்காது.

சரி, கட்டத்துக்கு வருகிறேன். போன ஆண்டுவரை ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அப்புறம்தான் கணினி வந்தது. ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் தபால்தலை அளவில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று. கடைகளில் பார்ப்பீர்களே, அந்த கியூஆர்தான். எங்கள் அறையில் அதற்குக் கட்டம் என்றே பெயர். நிறுவனத்திலிருந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர், தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் அதைப் பற்றிப் பேசினார். நாங்கள் அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர் வைத்தோம்.

அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பழைய பார்கோடு என்கிற கோட்டுக் குறியில் தகவல் குறுக்குவாக்கில் மட்டும்தான் ஓடும், கோட்டின் உயரம் வெறும் அலங்காரம். கட்டத்தில் குறுக்கிலும் நெடுக்கிலும் ஓடும். அதனால்தான் இத்தனூண்டு இடத்தில் அத்தனை எழுத்து. கறுப்புப் புள்ளி ஒன்று, வெள்ளைப் புள்ளி பூஜ்யம். மூன்று மூலையில் இருக்கும் பெரிய சதுரங்கள், "நான் இங்கே இருக்கிறேன், இதுதான் என் தலைப்பக்கம்" என்று ஸ்கேனருக்குச் சொல்பவை. தலைகீழாகக் காட்டினாலும் அது திருப்பிப் படித்துக்கொள்ளும். சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிக்கும். கசங்காமல், வளையாமல், பளபளப்பில்லாத தாளில் ஒட்ட வேண்டும்.

அப்புறம் ஒரு வித்தை காட்டினார். ஒரு கட்டத்தின் மேல் வேண்டுமென்றே காபியைச் சொட்டினார். ஒரு மூலைப் பக்கம் பழுப்பாகிவிட்டது. ஸ்கேனரைக் காட்டினார், டிக் என்று படித்தது. "கணக்குப் போட்டுக் கூடுதலா எழுதி வெச்சிருக்கும்," என்றார். "மூணுல ஒரு பங்கு போனாலும் மிச்சத்த வெச்சு அதுவே சரிபண்ணிக்கும்."

"மனுஷனுக்கு அந்த வசதி இல்லையே சார்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கிளம்பும்போது மட்டும் என் தோளைத் தட்டி, "பொருள்ல ஒட்டியிருக்கிற கட்டத்தையே படிங்க. நகல் எடுத்து வெச்சுக்காதீங்க. அதுக்குத் தன் பேரு மட்டும்தான் தெரியும், எதுல ஒட்டியிருக்கோம்னு தெரியாது," என்றார்.

பயன்படுத்துவது எளிது. உங்கள் அடையாள அட்டையின் கட்டத்தைப் படிக்க வேண்டும், பிறகு குழாயின் கட்டம், பிறகு சுவரில் 'துலக்கல்' என்று ஒட்டியிருக்கும் கட்டம். நேரம் ஓடத் தொடங்கும். முடிந்ததும் மறுபடி குழாயின் கட்டம். துலக்கலுக்குக் குறைந்தது ஏழு நிமிடம் ஆக வேண்டும், அதற்கு முன்னால் முடித்தால் திரையில் சிவப்பு.

தொல்லை என்னவென்றால், கழுத்தில் இருக்கும் கட்டம் எப்போதும் நனைந்திருக்கும். மேலே அந்தக் குழம்பு ஒட்டியிருக்கும். ஐந்தாம் எண் குழாயின் கட்டம் ஒரு மாதத்திலேயே உரிந்து, கட்டக்காரர் சொன்ன மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிட்டது. படிக்கவில்லை. புதிது வரும்வரை சமாளிக்க, உரிவதற்கு முன்னால் எடுத்திருந்த படத்திலிருந்து நான் ஒரு நகல் அச்சடித்தேன். அவ்வளவுதான் எண்ணம். பிறகு ஒன்றுக்கு எடுத்தவன் மற்றவற்றுக்கும் எடுத்தால் என்ன என்று, ஆறு குழாயின் கட்டங்களையும் ஒரே அட்டையில், போதிய வெள்ளை இடம் விட்டு, வரிசையாக ஒட்டினேன். மேலே பளபளப்பில்லாத உறை. அலமாரிக் கதவின் உட்பக்கம் மாட்டினேன். கட்டக்காரர் பார்த்திருந்தால் வேலைப்பாட்டை மெச்சியிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் எட்டும்.

நீங்கள் இதைச் சோம்பல் என்று நினைக்கலாம். இல்லை. ஒருநாள் ஐந்தாம் குழாயில் தூரிகையை விட்டு இழுத்தேன். நுனியில் ஏதோ ஒன்று சுருண்டு வந்தது. சவ்வா, சாப்பாடா, தெரியவில்லை, ஈரமாக ஆடிக்கொண்டிருந்தது. வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது நேரம் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் தொட்டியில் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். அலமாரிக் கதவைத் திறந்து, அட்டையில் ஐந்தாவது கட்டத்தை ஸ்கேனரிடம் காட்டினேன். டிக். திரை பச்சையானது. துலக்கல் முடிந்தது என்று அதுவே சொல்லிவிட்டது. இல்லை என்று வாதாட நான் யார்?

குழாயை மேலோட்டமாகத் தண்ணீரில் அலசி, இடுக்கியால் பிடித்து இயந்திரத்தில் போட்டேன். வெளியே பளபளவென்று வந்தது. உள்ளே யார் பார்த்தார்கள்?

அதற்குப் பிறகு பதினோரு மாதம் நான் துலக்கவில்லை. தொடக்கக் கட்டத்தைக் காட்டிவிட்டு எட்டு நிமிடம் உட்காருவேன். சரியாக ஏழு என்றால் சந்தேகம் வரும், அதனால் எட்டு. குறுக்கெழுத்துப் போடுவேன். அக்காவின் பணிநேரம் வேறு, சேர்ந்திருக்கும் நாட்களில் மட்டும் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நடிப்பேன், அதுவே பெரிய பாடு. எங்கள் மேற்பார்வையாளர், எதற்கெடுத்தாலும் "வேகம், வேகம்" என்பார், அவருக்குப் பெயரே வேகம்தான். நாளுக்குப் பன்னிரண்டு நோயாளி என்றிருந்ததை இருபத்தெட்டாக்கியவர். என் பதிவு வரிசையைப் பார்த்துவிட்டு அக்காவிடம், "தம்பியப் பாருங்க, கடிகாரம் மாதிரி. நீங்க ஒண்ணுக்கு இருபது நிமிஷம் எடுக்கிறீங்க, இன்னொண்ணுக்குப் பதிவே இல்ல," என்றார்.

"ஈரத்துல படிக்க மாட்டேங்குது சார். கழுவவா, அதத் தொடச்சுத் தொடச்சுக் காட்டவா?"

"ரெண்டும்தான்," என்றார் வேகம்.

அந்த மாதத்தின் சிறந்த பணியாளர் என்று எனக்கு ஒரு சான்றிதழ். வீட்டில் மாட்டியிருக்கிறேன். மனைவி, "கழுவுறதுக்கெல்லாமா குடுக்கிறாங்க?" என்றாள். கழுவாததற்கு என்று நான் சொல்லவில்லை.

நோயாளிகளிடம் எனக்கு எந்த மனக்கசப்பும் இல்லை. குழாயைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பயந்து படுத்திருப்பார்கள். அவர்களைச் சிரிக்க வைப்பேன். "வாய நல்லாத் திறங்க சார், வீட்லதான் திறக்க விடமாட்டாங்க, இங்க தாராளம்," என்பேன். அந்தச் சிரிப்பில் பாதி பயம் போய்விடும். மனது இளகியவன் நான், இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு தச்சர் இறந்தார். காய்ச்சல், இரத்தத்தில் கிருமி, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. பிறகு ஓட்டுநர் ஒருவர், பிறகு ஒரு தையல்காரம்மா. மூவருக்கும் ஒரே கிருமி. மூவருக்குள்ளும் போனது ஐந்தாம் குழாய். இதை வேகம் ஒரு கூட்டத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். குழாயை நிறுத்தி வைக்கலாமா என்று ஒரு செவிலி கேட்டார். "பதிவெல்லாம் சுத்தமா இருக்கு," என்றார் வேகம். சுத்தமாகத்தான் இருந்தது.

நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன், மேடம். தையல்காரம்மாவை எனக்கு நினைவிருந்தது.

அடுத்த வாரம் என் மச்சினனுக்குப் பித்தக் குழாயில் கல். மனைவியின் தம்பி, கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத எனக்கு அவன் தம்பி மாதிரி. காலையில் பட்டியலைப் பார்த்தால் அவன் பெயருக்கு நேரே ஐந்தாம் எண். மனைவி போனில், "ஏங்க, நீங்கதானே கழுவுவீங்க? அப்ப எனக்குக் கவலை இல்ல," என்றாள்.

அன்று நான் துலக்கினேன். முதல் தூரிகையில் வந்ததை நான் என் எதிரிக்குக்கூடக் காட்ட மாட்டேன். கறுப்பாக, கோந்துபோல், பல பேருடையது ஒன்றாகச் சேர்ந்து காய்ந்து, தண்ணீர் பட்டதும் உயிர் வந்ததுபோல் வழவழத்தது. நெம்புகோலுக்கு அடியிலிருந்து பாளம் பாளமாக வந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து மறுபடி விட்டேன். தூரிகை ஒன்பது மாற்றினேன். கடைசியில் வெள்ளையாக வந்தது. அட்டையைத் தொடவில்லை, குழாயின் கழுத்தில் புதிதாக ஒட்டியிருந்த கட்டத்தையே துடைத்துப் படித்தேன். இருபத்தாறு நிமிடம். மச்சினனுக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்து, "மாமா, கழுவி அனுப்பினது நீங்களாமே, கைராசி," என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று மதியமே அந்தக் குழாய் வேறு ஒருவருக்குப் போய், திரும்பி வந்தது. அதற்கடுத்து மாலையில் ஒரு ஆசிரியைக்கு. நீங்கள் காட்டிய இரண்டாவது வரி அவருடையதுதான். எட்டு நிமிடம்.

நீங்கள் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, "பதினோரு மாசம் எட்டு, எட்டு, எட்டுன்னு இருக்கு. நடுவுல ஒரே ஒரு இருபத்தாறு. அன்னிக்கு மட்டும் என்ன?" என்று கேட்டீர்கள். பொய்யைத் தேடி வந்தவர், உண்மையாக இருந்த ஒரே வரியில் என்னைப் பிடித்தீர்கள். எனக்கே சிரிப்பு வந்தது.

ஆசிரியையும், வாயைத் திறக்கச் சொல்லும் என் வழக்கமான பேச்சுக்குச் சிரித்தார். "என் பசங்க மாதிரியே பேசுறீங்க," என்றார். இறந்தவர்களில் நாலாவது அவர். ஐந்தாவது, அவருக்கு மறுநாள் வந்த ஒரு பூக்கடைக்காரர்.

விசாரணைக் குழு வந்தபோது இரண்டு பேர் பதிவையும் விரித்து வைத்தார்கள். அக்காவினுடையது பத்தொன்பது, பதினொன்று, ஒன்பது, இருபத்திரண்டு, சிலவற்றுக்கு முடிவு நேரமே கிடையாது. நிஜமாகவே தேய்க்கிறவர்களின் நேரம் அப்படித்தான் இருக்கும், ஒவ்வொருவர் வயிறும் ஒவ்வொரு மாதிரி அல்லவா. என்னுடையது எட்டு. ஐந்தாம் குழாயை எப்போதாவது அக்காவும் கழுவியிருந்தார், பதிவில் ஓட்டை இருந்தது அவரிடம்தான், அதனால் அவர்கள் அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னிடம் கேட்டார்கள். நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "தங்கமானவங்க. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்," என்றேன்.

பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கும் போனேன். ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார். பூக்கடைக்காரரின் மகன் வந்து வாசலில் ஒரு மணி நேரம் நின்று, ஜன்னலையே பார்த்துவிட்டுப் போனானாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் எதையாச்சும் விட்டுட்டேனா? ஒவ்வொரு நாளா நெனச்சு நெனச்சுப் பார்க்கிறேன். இல்லேன்னுதான் தோணுது. ஆனா செத்திருக்காங்களே."

"மனுஷங்கதானேக்கா. எங்கயாவது விட்டிருப்பீங்க."

தலையை ஆட்டினார். நம்பிவிட்டார், பாவம். அவர் பிடித்திருந்த கையை நான் உடனே இழுத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். அட்டை என்னுடையது, சரி. பதினோரு மாதம், சரி. அக்காவுக்கு இதில் பங்கில்லை, சரி, அவரை இன்றைக்கே விட்டுவிடுங்கள். ஐந்து பேர், சரி. எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் கையெழுத்தும் நன்றாக இருக்கிறது.

ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும், மேடம். மூன்றாவது பத்தியில் 'கவனக்குறைவினால்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அந்தப் பதினோரு மாதத்தில் எந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் ஒன்றைக்கூட அனுப்பியதில்லை. மச்சினனுக்குள் எது போகக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியைக்குள் எது போகிறது என்றும் தெரிந்திருந்தது. இவ்வளவு தெரிந்து செய்தவனைக் கவனமில்லாதவன் என்று எழுதி வைத்தால், நாளைக்கு என் மனைவி இதைப் படிக்கும்போது என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?